மேலக்கரடு விலக்கில் விபத்து இல்லை

மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்களில் நம் அலுவலகங்கள் ஒருபோதும் அவசரப்படுவதில்லை. மேலக்கரடு விலக்கில் ஒரு வேகத்தடை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தபோதும் அவசரப்படவில்லை. தாரும் ஜல்லியும் போட்டு ஒரு மேடு எழுப்ப ஒரு காலைப்பொழுது போதும். ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிற காரியத்தை ஒரு பொறுப்புள்ள அலுவலகம் எப்படி எடுத்துச் செய்யும்?

உத்தமபாளையத்திலிருந்து அனுமந்தன்பட்டி போகும் பெரிய ரோட்டை விட்டு மேலக்கரட்டுக்குப் பாதை பிரிகிற இடம்தான் விலக்கு. ஒரு பக்கம் தென்னந்தோப்பு வேலி, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் ஒரு வளைவு. கம்பத்துத் திராட்சை ஏற்றிய வேன்கள் பழம் வாடுவதற்குள் ஊர் போய்ச் சேரும் வேகத்தில் வரும். கேரளத்துக்குப் போகும் வைக்கோல் லாரிகள் ரோட்டின் அகலத்தை முழுதாக எடுத்துக்கொண்டு வரும். விடிந்தும் விடியாமல் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு ஜீப்புகள் பறக்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பமார் வண்டிகள் வேறு. இவை எல்லாம் ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்த்துக்கொள்வது அந்த வளைவில்தான். பார்த்ததும் சில வண்டிகள் வாய்க்காலில் இறங்கிவிடும்.

அப்படி யார் விழுந்தாலும் முதலில் ஓடுகிறவள் மூக்கம்மாள். விலக்கில் டீக்கடை வைத்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு, பச்சைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சோடா பாட்டிலோடு ஓடுவாள். சோடாவை உடைத்து முகத்தில் அடிப்பாள். மிச்சத்தைக் குடிக்கக் கொடுப்பாள். பிறகு விழுந்தவனின் ஊர் என்ன, தகப்பன் யார், அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று விசாரித்துத் திட்டத் தொடங்குவாள். சோடாவுக்குத் தெளியாதவர்கள்கூட அந்தத் திட்டுக்குத் தெளிந்துவிடுவார்கள்.

அவள் மகள் மகாலட்சுமி எம்.சி.ஏ. முடித்தவள். தாயின் தொண்டையில் கால்வாசிகூட மகளுக்கு வரவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து, சரியான வார்த்தை கிடைக்கும்போது, சொல்ல வேண்டிய ஆள் எழுந்து போயிருப்பார். ஆனால் கண் மட்டும் எதையும் விடாது.

வேகத்தடை மனு பல மேஜைகளில் தங்கி இளைப்பாறிவிட்டு, இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் 'சாலைச் சந்திப்பு நுண்ணறிவுப் பாதுகாப்பு முன்னோடித் திட்ட அலுவலக'த்துக்கு வந்து சேர்ந்தது. பெரியகுளத்தில் ஒரு மாம்பழ மண்டியின் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பில் அடங்காமல் மூலையில் மடங்கிப் பக்கத்துச் சந்திலும் கொஞ்சதூரம் போயிற்று. திட்ட அலுவலர் ஈஸ்வரபாண்டி பெங்களூரில் ஒரு பயிலரங்குக்குப் போய் வந்தவர். அங்கே கொடுத்த தோள்பையை அதற்குப் பிறகு அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

மனு என்னாயிற்று என்று கேட்க மூக்கம்மாளும் ஜீப் டிரைவர் தங்கபாண்டியும் பெரியகுளத்துக்குப் போனார்கள். துணைக்கு மகாலட்சுமி.

"வேகத்தடை பழைய காலத்துத் தொழில்நுட்பம்மா," என்றார் ஈஸ்வரபாண்டி. "இப்ப உலகமே மெஷின் லேர்னிங்குக்குப் போயிட்டிருக்கு. இயந்திரமே கற்றுக்கொள்ளும்."

"ஐயா, ஒரு மேடு போட்டாப் போதும்யா."

"மேடு யோசிக்குமா?"

"மேடு என்னத்துக்குய்யா யோசிக்கணும்? வண்டி ஓட்டுறவன் யோசிச்சாப் பத்தாதா?"

"அங்கதான் நீங்க பின்தங்கியிருக்கீங்க. நாங்க ஒரு கேமரா வைப்போம். அது விலக்கைப் பார்க்கும், கற்கும், விபத்து எதனால நடக்குதுன்னு அதுவே கண்டுபிடிக்கும். காரணம் தெரிஞ்சிட்டா அந்தக் காரணத்தை நீக்கிடலாம்."

"அது கத்துக்கிற வரைக்கும் நாங்க என்ன செய்ய?" என்றான் தங்கபாண்டி.

"வழக்கம்போல இருங்க. விபத்தும் வழக்கம்போல நடக்கட்டும். விபத்தே நடக்கலைன்னா அது எதைப் பார்த்துக் கத்துக்கும்?"

"அப்ப நாங்க விழுந்து குடுக்கணுமாக்கும்?"

"கட்டாயம் இல்லை," என்றார் ஈஸ்வரபாண்டி பெருந்தன்மையாக.

இந்த நிலையில் வேகத்தடை போடுவது இயந்திரத்தின் படிப்பைக் கெடுத்துவிடும் என்பதால் மனு நிறுத்தி வைக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் தாங்களாகவே வளைவில் வைத்திருந்த தார் டின்களும் பழைய டயர்களும் 'செயற்கையான பாதுகாப்பு' என்ற காரணத்தால் அப்புறப்படுத்தப்பட்டன.

கிளம்பும்போது மூக்கம்மாள் வாசலில் நின்று திரும்பினாள். "ஐயா, ஏம்மகளும் கம்ப்யூட்டருதான் படிச்சிருக்கா. சும்மாதான் வீட்டுல கெடக்கா."

வேகத்தடை கேட்கப் போனவள் மகளுக்கு வேலையோடு திரும்பினாள். பதவியின் பெயர் 'தற்காலிகத் தரவுக் குறிப்பாளர்'. ஊரில் எல்லாரும் மூக்கம்மாளின் சாமர்த்தியத்தைப் பாராட்டினார்கள். மேட்டைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

கேமரா வந்தது. பூசை போடாமல் எந்தக் காரியமும் தொடங்க முடியாதாகையால், கேமரா கட்டிய கம்பத்துக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். கம்பத்துக்குப் பூசியவர் கண்ணை மட்டும் விடுவானேன் என்று ஏணியில் ஏறி கேமராவின் கண்ணாடிக்கும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அதனால் முதல் வாரம் முழுவதும் இயந்திரம் மேலக்கரடு விலக்கில் சூரியன் அஸ்தமிப்பதையே கற்றது. எந்த வண்டியும் மோதிவிடக் கூடாது என்று கம்பத்தைச் சுற்றி மட்டும் இரும்புத் தடுப்பு, மினுங்கும் பட்டை, சிவப்பு விளக்கு எல்லாம் போட்டார்கள். அன்றிலிருந்து விலக்கில் ஒரு பொருளாவது முழுப் பாதுகாப்போடு இருந்தது.

கேமரா விட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்பும். மகாலட்சுமி மாம்பழ மண்டி மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் குறிப்புப் போட வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க, இயந்திரம் விற்ற சென்னைக் கம்பெனியிலிருந்து திலீபன் என்ற இளைஞன் வந்திருந்தான்.

"படத்துல லாரி இருந்தா லாரின்னு பெட்டி போடுங்க மேடம். மாடு இருந்தா மாடு. விபத்துப் படம்னா ஒண்ணு அழுத்துங்க. இல்லைன்னா சைபர். அவ்வளவுதான்."

"எதனால விபத்துன்னு எழுத வேண்டாமா சார்?"

"வேண்டவே வேண்டாம். அதை மெஷினே கண்டுபிடிச்சுக்கும். நாம சொன்னா அதோட சுயசிந்தனை கெட்டுடும்."

மகாலட்சுமி பெட்டி போட்டாள். புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. விலக்கில் வழக்கம்போல வண்டிகள் விழுந்தன, இயந்திரம் வழக்கம்போல படித்தது. கார்த்திகையில் மட்டும் அதற்குக் கொஞ்சம் குழப்பம். கறுப்பு வேட்டி கட்டிய அத்தனை பேரையும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, 'ஒரு நபர் பொழுது விடிந்ததிலிருந்து ஓய்வின்றிச் சாலையைக் கடக்கிறார், கவனிக்கவும்' என்று எச்சரித்தது. தங்கபாண்டியின் ஜீப்பை அதனால் ஜீப் என்று ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. உள்ளே, வெளியே, பின்னால், பக்கத்தில் என்று பெண்களும் தூக்குவாளிகளுமாகத் தெரிந்ததே தவிர ஜீப் தெரியவில்லை. 'கூட்டம், வேகமாக நகர்கிறது' என்று பதிந்துகொண்டது.

விபத்துப் படங்கள் வரும்போது மகாலட்சுமிக்கு ஒரு சங்கடம். ஒவ்வொன்றிலும் தாய் இருந்தாள். ஒரு படத்தில் ஓடிக்கொண்டிருப்பாள், ஒன்றில் சோடா அடித்துக்கொண்டிருப்பாள், ஒன்றில் வாயைத் திறந்து திட்டிக்கொண்டிருப்பாள். மகள் தாயைச் சுற்றிக் கவனமாக ஒரு பெட்டி போட்டு, கீழே ஒன்று அழுத்துவாள்.

தை மாதம் இயந்திரம் தேர்வு எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றது. முடிவை அறிவிக்க மாடியில் ஒரு கூட்டம். சுவரில் படம் விழுந்தது. விலக்கின் படம். அதில் இயந்திரம் எந்த இடத்தைப் பார்த்து 'விபத்து' என்று அறிகிறதோ, அந்த இடம் சிவப்பாகத் தெரியும் என்றான் திலீபன்.

லாரி சிவக்கவில்லை. வளைவு சிவக்கவில்லை. தென்னந்தோப்பு வேலி சிவக்கவில்லை. ஒரு பச்சைச் சேலையும் ஒரு சோடா பாட்டிலும் தணலாகச் சிவந்திருந்தன.

"விபத்துப் படங்கள்ல இந்த லேடி இல்லாத படமே இல்ல சார்," என்றான் திலீபன். "மற்ற படங்கள்ல கடைக்குள்ள இருக்காங்க, தெரியறதில்ல. இவங்க ரோட்டுக்கு வந்தா விபத்து. இவ்வளவு தெளிவான ரிசல்ட்டை நான் எந்தப் ப்ராஜெக்ட்லயும் பார்த்ததில்ல."

ஈஸ்வரபாண்டி எழுந்து நின்றுவிட்டார். "இத்தனை வருஷமா லாரிக்காரனையும் வளைவையும் குத்தம் சொல்லிட்டிருந்தோமே!"

மகாலட்சுமி எழுந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஆள் இருக்கும்போதே வார்த்தை வந்துவிட்டது. "சார், அவங்க விபத்து நடந்த பிறகுதான் ஓடி வருவாங்க. முன்னாடி இல்ல சார், பின்னாடி."

திலீபன் அவளைப் பரிவோடு பார்த்தான். "நல்ல கேள்வி மேடம். ஆனா மெஷின் தனித்தனிப் படமாத்தான் பார்க்குது. முன்னாடி பின்னாடின்றதெல்லாம் ரெண்டாம் கட்டம்."

"ரெண்டாம் கட்டத்துக்கு இன்னும் நிதி ஒதுக்கலை," என்று முடித்து வைத்தார் ஈஸ்வரபாண்டி. பிறகு, "ஆமா, அந்த அம்மாவை உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"எங்கம்மா சார்."

"சொந்தபந்தம் பார்க்காம பெட்டி போட்டிருக்கே," என்றார் ஈஸ்வரபாண்டி நெகிழ்ந்துபோய். "இந்த நேர்மைதாம்மா நாட்டுக்கு வேணும்."

மறுநாள் அவரே ஜீப்பில் போய் மூக்கம்மாளிடம் ஆணையைக் கொடுத்தார். அதில் அவள் பெயருக்கு முன்னால் 'விபத்துத் தூண்டல் காரணி' என்று அடைமொழி இருந்தது. மகாலட்சுமி ஜீப்பின் பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நீங்க கேமரா கண்ணுல படக்கூடாது. கடையை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மாத்திக்கங்க. அங்க அதுக்குப் பார்வை எட்டாது."

"நான் என்னய்யா செஞ்சேன்?"

"நீங்க வர்றப்பல்லாம் விபத்து நடந்திருக்கு."

"விபத்து நடக்குறப்பல்லாம் நான் வந்திருக்கேன்யா!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? அப்ப எழவு வீட்டுக்கு வந்த சனமெல்லாம் சேந்துதான் அந்த ஆளைக் கொன்னுபுட்டாகளா?"

ஈஸ்வரபாண்டி யோசித்தார். "அந்தக் கோணத்துல இன்னும் ஆய்வு நடக்கலை," என்றார்.

மூக்கம்மாள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, உன்னைய படிக்க வச்சதுக்கு எனக்கே பொட்டி போட்டியா?"

மகளுக்குச் சரியான பதில் உத்தமபாளையம் தாண்டும்போது கிடைத்தது.

மூக்கம்மாள் கடையை மாற்றினாள். விபத்து நிற்கவில்லை. ஆனால் இயந்திரம் சளைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக இப்போது தங்கபாண்டி ஓடினான், தோப்புக்காரர் ஓடினார், பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஓடினார்கள். அவர்கள் எல்லாரையும் இயந்திரம் சிவப்பாக்கியது. ஓடுகிற ஆளே காரணம், கூடுகிற கூட்டமே விபத்து என்று ஐயம் திரிபறத் தெளிந்தது. கம்பத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். யாராவது ஓடினாலோ, இரண்டு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினாலோ அது ஊளையிடும். அபராதமும் உண்டு. கீழே ஒரு பலகை: 'விபத்தைக் கண்டால் அசையாதீர். உங்கள் பாதுகாப்பு, எங்கள் பெருமை.'

முதலில் அகப்பட்டது தங்கபாண்டியின் ஜீப். விடிகாலையில் அது விலக்கைத் தாண்டும்போதெல்லாம், ஒரு பெரிய விபத்து வேகம் பிடித்துக் குமுளி நோக்கிப் போவதாக இயந்திரம் அலறியது. தங்கபாண்டி ஜீப்பின் பக்கங்களில் தார்ப்பாயை இறக்கிக் கட்டினான். "ஆத்தாமாரே, விலக்கு வருது, தலையைக் குனிங்க. நீங்கள்லாம் இல்லவே இல்லைன்னு அது நெனைக்கணும்," என்பான்.

"நாங்க இருக்கோம்னு எவந்தான் நெனச்சான்?" என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும்.

மெல்ல மெல்ல ஊர் பழகிவிட்டது. வண்டி விழும் சத்தம் கேட்டால் டீ குடிக்கிறவர்கள் கிளாஸை அப்படியே பிடித்தபடி நின்றார்கள். விழுந்தவர்கள் தாங்களே எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் போனார்கள். எழ முடியாதவர்கள் படுத்திருந்தார்கள். கூட்டம் இல்லாத இடத்தில் விபத்து இருக்க முடியாதாகையால் இயந்திரம் நாளுக்கு நாள் குறைவாகவே விபத்துகளைக் கண்டது. வைகாசியில் ஒன்றுகூட இல்லை.

செய்தி பரவியது. வெளிமாவட்டங்களிலிருந்து அலுவலர்கள் வேன் வேனாக வந்து கம்பத்தின் கீழ் நின்று, இருவர் இருவராகப் பிரிந்து, படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பொறாமை வந்தது. "எங்க விலக்குல மட்டும் ஏன் வைக்கலை? நாங்க என்ன குறைஞ்சவங்களா?" என்று மறியல் செய்தார்கள். மேலக்கரட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் 'கேமரா விலக்கில் இறங்கவும்' என்று அச்சடித்தார்கள். இளவட்டங்கள் கம்பத்துக்கு முன்னால் வந்ததும் தலைமுடியைச் சரி செய்துகொண்டு போனார்கள். திட்டத்துக்கு மாநில அளவில் விருது அறிவிக்கப்பட்டது.

விருது விழாவுக்கு முன்னால் விலக்கை ஒருமுறை பார்த்துவிட ஈஸ்வரபாண்டி வந்தார். திலீபனும் கூட. வருகிற வழிதானே என்று மகாலட்சுமியையும் ஏற்றிக்கொண்டு வந்து, விலக்கில் இறக்கிவிட்டார். பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்து, பெரியகுளத்துக்குத் திரும்ப ஜீப்பை வளைத்தார்கள். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திராட்சை வேன் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்த்துக்கொண்டன.

ஜீப் ஒருமுறை புரண்டு வாய்க்காலில் போய் உட்கார்ந்தது. வேனிலிருந்து திராட்சைப் பெட்டிகள் உருண்டு ரோடெல்லாம் கறுப்பாயிற்று.

விலக்கில் இருந்த அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார். ஒரு திராட்சையைக்கூட யாரும் குனிந்து எடுக்கவில்லை. மகாலட்சுமி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ப்பக்கக் கடையில் மூக்கம்மாள் சேலையைச் செருகினாள். சோடா பாட்டிலை எடுத்தாள். பழைய வேகத்தில் ரோட்டைப் பாதி தாண்டிவிட்டாள்.

"ஓடாதீங்க!" என்று வாய்க்காலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஈஸ்வரபாண்டி. இடுப்புவரை தண்ணீர், ஒரு கால் ஜீப்புக்கு அடியில். "அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், ஓடாதீங்க! பதிவாயிடும்! இந்த மாசமும் சைபர் காட்டணும்!"

மூக்கம்மாள் நடு ரோட்டில் நின்றாள். "ஐயா, காலு மாட்டிக்கிடுச்சேய்யா!"

"கால் எங்கயும் போயிடாது! நீங்க மெதுவா நடந்து வாங்க!"

"சோடா?"

"மறைச்சுக்கங்க!"

திலீபன் லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான். "ரெண்டு பேருக்கு மேல சேராதீங்க ப்ளீஸ்! மூணு பேர்னா கூட்டம்!"

தங்கபாண்டி நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டான். "ஏப்பா, எல்லாரும் காத்து வாங்க வந்த மாதிரி வாங்க. ஏலே, கையை ஆட்டாதடா, சாதாரணமா வா. எதாச்சும் பேசிக்கிட்டே வாங்க."

அப்படியே செய்தார்கள். இருவர் நெல் விலையைப் பேசியபடி வாய்க்கால் கரைக்கு வந்து, ஜீப்பை ஒரு சாண் தூக்கிவிட்டு, பேச்சை விடாமல் போனார்கள். அடுத்த இருவர் வந்து இன்னொரு சாண் தூக்கினார்கள். இடையில் ஜீப் இறங்கிவிடும். ஈஸ்வரபாண்டி வாயில் தோள்பையைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் அலறினார். மூக்கம்மாள் கோயிலுக்குப் போகிறவள் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, சேலைக்குள்ளேயே சோடாவை உடைத்து, யாரும் அறியாமல் அவர் தலையில் ஊற்றினாள். திட்டுவதை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. அதைக் கீழ்க்குரலில் செய்தாள். அவர் தவணை முறையில் வெளியே எடுக்கப்பட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒலிபெருக்கி கடைசிவரை ஒரு முனகல்கூட முனகவில்லை.

மறுநாள் மகாலட்சுமியின் திரையில் அந்தப் படம் வந்தது. இயந்திரம் அடியில் எழுதியிருந்தது: 'ஜீப், நிறுத்தப்பட்டுள்ளது. இடம், நீர்நிலை. ஒரு பெண், ஓடவில்லை, நிற்கிறார். நிலை, இயல்பு.'

அவள் வெகுநேரம் பார்த்தாள். தாய் நடு ரோட்டில், கையில் சோடாவோடு, ஒரு காலை முன்னால் வைத்து நின்றிருந்தாள். மகாலட்சுமி ஒன்று அழுத்தினாள். இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் அழுத்தினாள். இந்த ஒன்று பதிவானால் விலக்கில் விபத்து உண்டு என்றாகும், விபத்து உண்டு என்றால் வேகத்தடை கேட்கலாம் என்பதெல்லாம் அவள் மனதில் இருந்தது.

பதில் உடனே வந்தது. இயந்திரத்தின் தீர்ப்போடு முரண்படுவது 'மனிதப் பிழை' என்றும், மீண்டும் இப்படி நடந்தால் தற்காலிகப் பணி தற்காலிகமாகக்கூட இருக்காது என்றும் ஒரு குறிப்பாணை. கையெழுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போடப்பட்டதால் கொஞ்சம் கோணலாக இருந்தது. மகாலட்சுமி யோசித்தாள். வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்துகொண்டிருந்தது. கடை எதிர்ப்பக்கம் போனதிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ரோட்டைத் தாண்டி டீ குடிக்கப் பயந்தார்கள். அவள் சைபர் அழுத்தினாள்.

ஈஸ்வரபாண்டி சக்கர நாற்காலியில் போய் விருது வாங்கினார். மாடிப்படியில் வழுக்கிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது.

ஊர்க்காரர்களின் பழைய மனுவுக்கும் முடிவு கிடைத்தது. 'மேற்படி விலக்கில் விபத்து ஏதும் நிகழ்வதில்லை என அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிவிட்டபடியால் வேகத்தடைக்கான தேவை எழவில்லை' என்று எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். இதே காரணத்தால் கேமராவுக்கும் தேவை எழவில்லை. மின்இணைப்பைத் துண்டித்து, இயந்திரத்தை வேறு விலக்குகளுக்குப் பாடம் கற்கக் கொண்டுபோனார்கள். கம்பமும், கண்ணாடிக் கூடும், ஒலிபெருக்கியும் மட்டும் விருதின் நினைவாக இருந்தன. கேமரா செத்த கதை பெரியகுளத்து மாடியைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. மகாலட்சுமி தாயிடம் மட்டும் காதோடு சொன்னாள். மூக்கம்மாளிடம் சொன்னால் விலக்கு முழுக்கத் தெரிந்த மாதிரிதான். மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் மகாலட்சுமி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது வளைவில் பிரேக் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு நின்ற ஒருவருக்கு டீயும் சோடாவும் கொடுக்க ரோட்டைத் தாண்டிய மூக்கம்மாளை ஒரு மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டுப் போயிருந்தது. அவள் ரோட்டோரம் உட்கார்ந்த வாக்கில் கிடந்தாள். டீ கிளாஸ் உடைந்திருந்தது. சோடா பாட்டில் மட்டும் கையில் பத்திரமாக இருந்தது.

"ஏலே! என்னங்கடா வேடிக்கை பாக்குறீக? வந்து தூக்குங்கடா!"

யாரும் அசையவில்லை. தங்கபாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜீப்பில் இருந்தான். தோப்புக்காரர் வேலியோரம் நின்றார். எல்லார் முகமும் மேலே திரும்பியிருந்தது. கேமராவின் கூட்டுக்குள் ஒரு காக்கை சுள்ளி செருகிக்கொண்டிருந்தது.

மகாலட்சுமி தாயை நோக்கிப் போனாள். கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, வேலியில் பூத்திருந்த ஏதோ பூவைப் பார்த்தபடி, காற்று வாங்குகிறவள் மாதிரி, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள்.

மூக்கம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது செத்துப்போச்சுன்னு நீதானடி சொன்ன?"

"ஆமா ஆத்தா."

"பெறகு என்னத்துக்குடி பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி நடக்குற மாதிரி நடந்து வர்ற?"

மகாலட்சுமி குனிந்து தாயின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். மூக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். மகளைத் திட்டினாள், மோட்டார் சைக்கிள்காரனைத் திட்டினாள், நின்று பார்த்தவர்களின் தகப்பன் பெயரையெல்லாம் சொல்லித் திட்டினாள். ஆனால் எல்லாவற்றையும் கீழ்க்குரலில்தான் திட்டினாள். ஒரு காலில் நின்று மகளைப் பிடித்துக்கொண்டதும், கம்பத்தை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சோடா பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.